பிற்செலவும் அரைப்பேரும்

மலைநாட்டின் வழக்குகள் இப்பொழுது எண்களால் நடைபெறுகின்றன. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம், கொடுப்பனவு உட்பட, ஆயிரம் ரூபாவாயிற்று. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவென வர்த்தமானி கூறிற்று. இவ்விடைக்காலத்தில் கம்பனியார் உற்பத்திச் செலவையும், ஒருவர் பறிக்கும் கொழுந்தின் நிறையையும் எண்ணாக எடுத்துக்காட்டினர். நம்மவர் பசியையும் விலைவாசியையும் சொன்னார்கள். எண்ணுக்கு எண்ணால் விடையிறுக்க வல்லவர் நம்மிடையே எத்தனை பேர்?

இவ்வினாவை என்னுள் எழுப்பியவள் என் பழைய மாணவி ஒருத்தி. அட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டத்து லயமொன்றிலிருந்து பல்கலைக்கழகம் சென்று பொருளியல் பயில்பவள். விடுமுறையில் வந்தவள், "ஐயா, பொருளியல் அளவையியலை இருமுறை எழுதியும் சித்தியெய்தவில்லை. விட்டுவிட எண்ணுகிறேன்" என்றாள்.

காரணம் வினவினேன். உயர்தரத்தில் அவள் பயின்றது கலைப்பிரிவு, கணிதம் இல்லை. விரிவுரையோ ஆங்கிலத்தில். உடன்பயிலும் தோட்டப் பிள்ளைகள் குறிப்புகளை மனனஞ்செய்து சென்று, வினாவில் எண் மாறியதும் திகைத்து நிற்பராம். தமிழ்க் கலைச்சொல் அகராதியைப் புரட்டினால் 'பிற்செலவு' என்றிருந்ததாம். "முதற்செலவுக்குப் பின் வரும் செலவென்றே ஓராண்டு நினைத்திருந்தேன், ஐயா."

நகைத்தேன்; உடனே நாணினேன். சங்கச் செய்யுளில் செலவு என்பது போதல் என்று அவளுக்குக் கற்பித்தவன் நானே. பின்னோக்கிச் செல்லுதலே பிற்செலவு. பெற்றோரினதும் பிள்ளைகளினதும் உயரத்தை ஆராய்ந்த கால்ற்றன், மிக உயர்ந்தோரின் மக்கள் சராசரியை நோக்கி மீள்வதைக் கண்டு 1886 இல் அக்கருத்தை விளக்கினார். சொல்லை மனனஞ்செய்வித்த நான் அது வாழும் இடத்தைக் காட்டவில்லை. அக்குறை என்னுடையது.

பின்னர் அவளே எனக்கு ஆசிரியையானாள். 2021 இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி, 2022 இல் ஏறத்தாழ 250 மில்லியனாகக் குறைந்தது. 2021 இல் இரசாயன உரத்துக்கு விதித்த தடையா, எரிபொருட் பஞ்சமா, மழையா? பல காரணங்கள் ஒருங்கே நிற்கையில் ஒவ்வொன்றின் பங்கையும் பிரித்தளக்க முயல்வதே இக்கலை என்றாள். காரணமொன்றை விட்டுவிட்டால் அதன் பழி மற்றொன்றின்மேல் ஏறிவிடுமாம்.

"அப்படியாயின் உன் அம்மாவின் அரைப்பேர்?" என்றேன்.

நாட்கூலியைத் தோட்டத்தார் 'பேர்' என்பர். குறித்த நிறை கொழுந்து எடுக்காதவர்க்கு அரைப்பேர். செடியின் முதுமை, மலைச்சரிவு, உரமின்மை, மழை ஆகிய யாவற்றையும் விட்டு நிறையை மட்டும் நோக்கினால், பழி முழுதும் பறிக்கும் கையின்மேல் விழுகின்றது. அவள் நெடுநேரம் பேசவில்லை.

இக்கலை நம் பிள்ளைகளுக்கு அரிதாவது அறிவுக் குறைவாலன்று. தோட்டப் பாடசாலைகளில் கணித ஆசிரியர் வேண்டும். பல்கலைக்கழகம் புகுமுன் ஆங்கிலமும் கணிதமும் புகட்டும் சில மாத வகுப்பு வேண்டும். சொல்லோடு பொருளும் விளக்கும் தமிழ் நூல் வேண்டும். இவை இல்லாதவரை நம் உழைப்பின் கணக்கைப் பிறரே எழுதுவர். நாம் கைந்நாட்டு இடுவோம்.

மாணவி மூன்றாம் முறை தேர்வெழுத விண்ணப்பித்திருக்கிறாள். தமிழ் விளக்கமொன்றை இருவரும் எழுதத் தொடங்கியிருக்கிறோம். முதற்சொல் பிற்செலவு.