மலிவு யாத்திரை

குறைந்த காசில் ஊர் சுற்றுவதே எளிமை என்று நம் நண்பர்கள் சிலர் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். பாசாங்கு. பாங்காக்கின் காவ் சான் தெரு, அரிசி வியாபாரம் நடந்த இடம் (பெயருக்கே தீட்டிய அரிசி என்றுதான் அர்த்தம்), 1980களில் மலிவு விடுதிகளின் தெருவாயிற்று. நால்வராகப் போய், ஒரே அறையில் படுத்து, தள்ளுவண்டி நூடுல்ஸுக்குப் பேரம் பேசி, விடிய விடியத் தங்களுக்குள்ளேயே அரட்டையடித்துத் திரும்பியவர்கள் எந்த நகரத்தைப் பார்த்தார்கள்? சற்று நடந்தால் கோக் வுவா சந்திப்பு. 1973 அக்டோபர் 14 அன்று ராணுவ ஆட்சியை எதிர்த்துச் செத்தவர்களுக்கு அங்கே நினைவுச் சின்னம் நிற்கிறது. எந்தக் கட்டுரையிலும் ஒரு வரி இல்லை. (முதல் தடவை நானும் அதைத் தாண்டி பீருக்குத்தான் போனேன்.) அறை வாடகை மட்டும் பைசா சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. வண்டிக்காரி எத்தனை மணிக்கு வீடு போனாள் என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.