கடலோரத்துச் சர்வகலாசாலை

ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் பெருங்கொடையால் 1929-ஆம் ஆண்டில் சிதம்பரத்தை அடுத்து ஸ்தாபிதமாகி, உ. வே. சாமிநாதையர் முன்பு தலைமை வகித்த மீனாட்சி தமிழ்க் கல்லூரியைத் தன்னுள் ஏற்று, தமிழுக்கும் இசைக்கும் விஞ்ஞானத்துக்கும் ஒருங்கே இடமளித்து வளர்ந்து, 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாநில அரசின் பொறுப்பில் வந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம், இன்று பொதுமக்களின் சொத்தாகும். அதன் கீர்த்திகளுள் தலையாயது, வெள்ளாறு கடலோடு சங்கமிக்கும் பரங்கிப்பேட்டையில் அமைந்த கடல் உயிரியல் உயர் ஆய்வு மையமே என்பது என் அபிப்பிராயம். கழிமுகமும் ஆழியும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க, சற்றுத் தெற்கே பிச்சாவரத்தின் சதுப்புநிலக் காடுகள் விரிந்திருக்க, இயற்கையே ஆய்வுக்கூடமாக வாய்த்த இத்தகைய பாக்கியம் வேறு எத்தனை கலாசாலைகளுக்கு உண்டு? 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில், அக்காடுகளின் மறைவிலிருந்த சிற்றூர்கள் பெரும் சேதத்தினின்று தப்பியதைக் கண்ட பின்னும், கடலறிவை ஏட்டளவில் நிறுத்துவது நியாயமன்று. ஆராய்ச்சிக்கு வேண்டிய திரவியத்தை அரசு தாராளமாக வழங்குக. ஆராய்ந்து கண்ட உண்மைகளைப் பல்கலைக்கழகம் எளிய தமிழில் மீனவர் குப்பங்களுக்குக் கொண்டு சேர்ப்பதாகுக.