மூத்தோரின் தோலைப் பேணுவது யார் பொறுப்பு?

சிங்கப்பூரில் பனி பெய்வதில்லை. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நாடு இது. அதனால், குளிர்காலத்தில் தோல் வறண்டு வெடிக்கும் என்று கேள்விப்பட்டால், அது குளிர்நாடுகளில் வாழ்வோரின் சிக்கல் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில், நம் வீட்டு மூத்தோர் பலருக்கும் அந்தச் சிக்கல் உண்டு. அவர்களின் தோலைப் பேணும் வேலையை அவர்களிடமே விட்டுவிடக்கூடாது. வீட்டிலுள்ள இளையர்களும் அதில் பங்கேற்க வேண்டும் என்பதே என் கருத்து.

குளிர்காலக் காற்றில் நீராவி மிகக் குறைவு. அதைக் கருவிகளால் சூடாக்கும்போது அறை மேலும் வறண்டுபோகிறது. நம் ஊரில் இதே வறட்சியைக் குளிரூட்டி உண்டாக்குகிறது. குளிரூட்டியின் குழாயிலிருந்து சொட்டும் நீரைப் பார்த்திருப்பீர்கள். அது அறையின் காற்றிலிருந்து எடுக்கப்பட்ட ஈரம்தான். இரவு முழுவதும் அத்தகைய அறையில் உறங்குவோரின் தோல் ஈரத்தை இழக்கிறது. ஆண்டிறுதி விடுமுறையில் தாத்தா பாட்டியை ஜப்பானுக்கோ தென்கொரியாவுக்கோ அழைத்துச் செல்லும் குடும்பங்களோ உண்மையான குளிர்காலத்தையே சந்திக்கின்றன.

இளையரின் தோல் இந்த வறட்சியைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். மூத்தோரின் தோலுக்கு அந்த வலிமை குறைவு. வயது கூடக்கூட எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவாகவே சுரக்கின்றன. தோல் மெலிகிறது, அதன் அடியிலுள்ள கொழுப்பும் குறைகிறது. காயம்பட்டால் ஆறுவதற்கும் நாளாகிறது. வறண்ட தோல் அரிக்கும். சொறிந்தால் கீறல் விழும். கீறல் வழியே கிருமிகள் உள்ளே நுழையும். நீரிழிவு நோயாளிகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அவர்களில் சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். குதிகாலில் ஏற்பட்ட வெடிப்பு வலிக்காததால், அது புண்ணான பிறகே தெரியவரும். ஆகவே, தோலைப் பேணுவதை வெறும் அழகு சார்ந்த செயலாகக் கருதிவிட முடியாது.

“தம் உடலைத் தாமே கவனித்துக்கொள்ள மூத்தோருக்குத் தெரியாதா?” என்று சிலர் கேட்கலாம். தெரியும், ஆனால், முதுகுக்குக் கை எட்டாது. குனிந்து குதிகாலைப் பார்க்க முட்டிவலி இடம் கொடுக்காது. பார்வை மங்கியவருக்குச் சிறிய வெடிப்பு கண்ணில் படாது. மேலும், வீட்டாருக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்றெண்ணி, “வயதானால் இப்படித்தான்” என்று சொல்லிவிட்டு, இரவெல்லாம் சொறிந்தபடி உறக்கமின்றிக் கிடப்போரும் உண்டு. அவர்களுக்கு இன்னொருவரின் கண்ணும் கையும் தேவை. பணிப்பெண் இருக்கும் வீடுகளிலும் இந்தத் தேவை தீர்ந்துவிடுவதில்லை. மற்றவரிடம் சொல்லக் கூச்சப்படுவதைப் பேரப்பிள்ளையிடம் மனம்விட்டுச் சொல்லும் தாத்தாவும் பாட்டியும் பலர்.

நாம் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. கொதிக்கும் வெந்நீரும் காரமான சவர்க்காரமும் தோலில் இருக்கும் கொஞ்ச எண்ணெயையும் நீக்கிவிடும். எனவே, மூத்தோர் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்திற்குள் குளிப்பது நல்லது. குளித்த பின் துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். உடலில் ஈரம் முழுவதும் காய்வதற்குள் ஈரப்பசையூட்டும் களிம்பைத் தடவினால், அந்த ஈரம் தோலிலேயே தங்கும். நறுமணம் சேர்க்காத களிம்பு போதும். விலை உயர்ந்ததைத் தேடி அலையத் தேவையில்லை. முதுகு, கைகால், குதிகால் ஆகியவற்றில் தாராளமாகத் தடவலாம். கால்விரல் இடுக்குகளில் மட்டும் தடவக்கூடாது. அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சைத் தொற்று ஏற்படக்கூடும்.

தேங்காய் எண்ணெய் தேய்க்கும் பழக்கமுள்ள பாட்டியிடம் அதைப் பழைய பழக்கம் என்று ஒதுக்கச் சொல்ல வேண்டாம். அதுவும் தோலின் ஈரம் வெளியேறாமல் தடுக்க உதவும். ஆனால், எண்ணெய் தடவிய பாதத்தோடு ஓடுகள் பதித்த தரையில் நடந்தால் வழுக்கிவிடும். மூத்தோருக்கு ஒரு முறை விழுந்தாலே இடுப்பெலும்பு முறியலாம். ஆகவே, அவர்களை நாற்காலியில் அமரவைத்துத் தடவிவிட்டு, பாதத்தைத் துடைத்த பின்னரே நடக்கவிட வேண்டும். பழக்கத்தையும் காப்பாற்றலாம், விபத்தையும் தவிர்க்கலாம்.

எல்லா அரிப்புக்கும் வறட்சியே காரணம் என்று முடிவு செய்துவிடவும் கூடாது. சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றில் ஏற்படும் நோய்களாலும் சில மருந்துகளாலும்கூட அரிப்பு வரலாம். ஓரிரு வாரங்கள் களிம்பு தடவியும் அரிப்பு குறையாவிட்டால், பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தோல் சிவந்து, வீங்கி, தொட்டால் சூடாக இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது. கருமையான தோலில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால், வீக்கத்தையும் சூட்டையும் கவனிப்பது முக்கியம்.

இவற்றையெல்லாம் செய்யும்போது மூத்தோரின் மதிப்பையும் காக்க வேண்டும். “தடவிவிடட்டுமா?” என்று கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே தொட வேண்டும். அவர்களால் எட்டும் இடங்களை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். எட்டாத இடங்களுக்கு நாம் கைகொடுப்போம்.

2030ஆம் ஆண்டுக்குள் சிங்கப்பூரர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைக் கடந்திருப்பார் என்று எதிர்பார்க்கப்படுகிறது. அத்தனை பேரையும் மருத்துவர்களும் தாதியரும் மட்டுமே பார்த்துக்கொள்ள இயலாது. வீட்டில் செய்யக்கூடியதை வீட்டிலேயே செய்தாக வேண்டும். இதற்கு நாளொன்றுக்கு ஐந்து நிமிடங்கள் போதும். இன்றிரவு உறங்கச் செல்லும் முன், உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ முதுகு அரிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.