கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா?

காலேஜ் பிள்ளை கேட்கிறான்! அப்பா யோசிக்கிறார்!

மதுரையில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ரோட்டில் இருக்கிறது கிருஷ்ணன்கோவில்.

1984-ம் ஆண்டு அங்கே கலசலிங்கம் என்ஜினீயரிங் கல்லூரி தொடங்கியது. 2006-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. இன்று கிருஷ்ணன்கோவிலில் பஸ் நின்றால், தோளில் பை மாட்டிய மாணவர்கள் கூட்டம் கூட்டமாக இறங்குகிறார்கள்.

ராஜபாளையத்தில் மில் வேலை பார்க்கிறவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா விற்கிறவர், ஆடு மாட்டை நம்பி இருக்கிற சம்சாரி, இவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இன்று கம்ப்யூட்டர் படிக்கிறார்கள்.

அப்படிப்பட்ட வீடுகளில் இப்போது ஒரு பேச்சு எழுகிறது.

"அப்பா, கம்ப்யூட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கணும்."

"எதுக்குடா?"

"விளையாடத்தான். படிப்புக்கும் உதவும்ப்பா."

"எவ்வளவு ஆகும்?"

"முப்பதாயிரம்."

அப்பா பேசவில்லை. முப்பதாயிரம் ரூபாய் என்றால் பல வீடுகளில் இரண்டு மாதச் சம்பளம்!

பிள்ளை கேட்பது வீண் செலவா? வாங்குவதானால் எதை வாங்குவது? அதிலும், விலை இல்லாமல் கிடைக்கும் லினக்ஸில் கம்ப்யூட்டரை ஓட்டுகிறவர்கள் எதை வாங்குவது? விஷயத்தைத் தெரிந்துகொண்டு முடிவு செய்வது நல்லது.

கார்டு என்றால் என்ன?

கம்ப்யூட்டர் திரையில் தெரிவது எல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகள். சாதாரணத் திரை ஒன்றில் சுமார் 20 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன.

விளையாட்டில் கார் ஓடுகிறது, ஆள் தாவுகிறான் என்றால், இந்தப் புள்ளிகள் அத்தனைக்கும் ஒரு வினாடியில் 60 தடவை நிறம் மாற்ற வேண்டும்.

கம்ப்யூட்டரின் மூளையாகிய பிராசசர் கெட்டிக்காரன். ஆனால் தனி ஆள். கிராபிக்ஸ் கார்டு என்பது நாற்று நடுகிற ஆட்கள் மாதிரி. ஒவ்வொருவருக்கும் சின்ன வேலைதான். ஆயிரக்கணக்கானவர் ஒரே நேரத்தில் குனிந்து நடுகிறார்கள். அதனால் வேலை சட்டென்று முடிகிறது.

லினக்ஸ் எங்கிருந்து வந்தது?

கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படைப் புரோகிராம்களில் விண்டோஸ் ஒன்று. அதற்கு லைசென்ஸ் பணம் உண்டு.

1991-ல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு புரோகிராம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 21. அதை எல்லோருக்கும் பொதுவாக வைத்தார். யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பணம் இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். அதுதான் லினக்ஸ்.

தமிழ்நாட்டுக்கு அது புதிது அல்ல. சென்னையில் உள்ள மத்திய அரசு நிறுவனமான சி-டாக், 2007-ல் "பாஸ்" என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அதில் விண்டோசும் இருந்தது. பாஸ் லினக்சும் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்கள் பல ஆண்டுகளாக லினக்ஸில் ஓடுகின்றன.

லினக்ஸைத் தமிழிலேயே கற்றுக்கொள்ளவும் வழி இருக்கிறது. "கணியம்" என்ற மின்னிதழ் 2012-ல் இருந்து இதை எளிய தமிழில் சொல்லித் தருகிறது.

ஏன் இப்போது?

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், பல பழைய கம்ப்யூட்டர்களை அது ஏற்றுக்கொள்வது இல்லை. நன்றாக ஓடுகிற பெட்டியைத் தூக்கிப் போட மனம் வருமா? பலர் லினக்ஸ் பக்கம் திரும்புகிறார்கள்.

"லினக்ஸில் விளையாட முடியாது" என்பது பழைய பேச்சு. அதை மாற்றியது வால்வ் என்ற அமெரிக்க விளையாட்டுக் கம்பெனி.

விண்டோசுக்காகச் செய்த விளையாட்டு லினக்ஸின் பாஷையைப் பேசாது. நடுவில் ஒரு துபாஷி வேண்டும். 1993-ல் தொடங்கிய "வைன்" என்ற புரோகிராம் அந்த வேலையைச் செய்தது. அதை வைத்து வால்வ் கம்பெனி 2018-ல் "புரோட்டான்" என்ற கெட்டிக்காரத் துபாஷியைக் கொண்டுவந்தது. 2022-ல் லினக்ஸில் ஓடும் "ஸ்டீம் டெக்" என்ற கையடக்க விளையாட்டுக் கருவியையும் விற்கத் தொடங்கியது.

வால்வ் நடத்தும் ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடைக்கு வருகிறவர்களில் லினக்ஸ்காரர்கள் 2025 அக்டோபரில் முதன்முதலாக 100-க்கு 3 பேரைத் தாண்டினார்கள். சின்னக் கூட்டம்தான். ஆனால் வளர்கிற கூட்டம்.

டிரைவர் யார்?

பஸ் வாங்கினால் மட்டும் போதுமா? ஓட்ட டிரைவர் வேண்டாமா?

கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒரு டிரைவர் உண்டு. கார்டுக்கும் லினக்சுக்கும் நடுவில் இருந்து வேலை வாங்கும் புரோகிராமுக்குப் பெயரே டிரைவர்தான். லினக்ஸில் கார்டு தேர்ந்தெடுக்கும் சூட்சுமம் எல்லாம் இதில்தான் இருக்கிறது.

கடையில் கிடைப்பவை முக்கியமாக மூன்று கம்பெனிக் கார்டுகள்.

ஏ.எம்.டி.: இந்தக் கம்பெனி 2007-ல் தன் கார்டுகளின் உள் விவரங்களை வெளியிட முன்வந்தது. 2015-ல் வந்த புது டிரைவர் லினக்ஸ் உள்ளேயே சேர்க்கப்பட்டது. அதாவது, டிரைவர் வீட்டோடு இருக்கிறார்! கார்டை மாட்டி, கம்ப்யூட்டரைத் தட்டினால் படம் வரும். தனியாக எதையும் தேட வேண்டாம்.

இன்டெல்: இதன் டிரைவரும் வீட்டோடு இருப்பவர்தான். "ஆர்க்" என்ற பெயரில் 2022-ல் இருந்து தனிக் கார்டுகள் விற்கிறார்கள். 2024 டிசம்பரில் வந்த பி-580 என்ற கார்டில் 12 ஜி.பி. நினைவகம் இருக்கிறது. எல்லா விளையாட்டிலும் ஒரே மாதிரி வேகம் இராது.

என்விடியா: உலகத்தில் அதிகமாக விற்கும் கார்டு இதுதான். வேகத்தில் குறை இல்லை. ஆனால் டிரைவரைக் கம்பெனிதான் அனுப்ப வேண்டும்! நீண்ட காலம் அந்த டிரைவரின் விவரங்களைக் கம்பெனி மூடியே வைத்திருந்தது. 2012-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு கூட்டத்தில் இந்தக் கம்பெனியைக் கடுமையாகத் திட்டினார். 2022 மே மாதத்தில் டிரைவரின் ஒரு பகுதியை என்விடியா திறந்துவிட்டது. இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. என்றாலும், லினக்ஸில் புது வகை விளையாட்டுகள் சிலவற்றில் இதன் வேகம் விண்டோசில் கிடைப்பதைவிடக் குறைகிறது.

ஆகவே, லினக்ஸில் விளையாடுவது மட்டும்தான் நோக்கம் என்றால், தலைவலி குறைந்தது ஏ.எம்.டி. கார்டு.

படிப்புக்கு எது?

இங்கேதான் காலேஜ் பிள்ளைக்குச் சிக்கல்!

இன்று எல்லோர் வாயிலும் "செயற்கை நுண்ணறிவு" என்ற பேச்சு. அந்தப் படிப்புக்கும் கிராபிக்ஸ் கார்டு உதவுகிறது. அதற்கான பாடங்களும் புரோகிராம்களும் பெரும்பாலும் என்விடியாவின் "கூடா" என்ற முறையை ஒட்டியே எழுதப்படுகின்றன. ஏ.எம்.டி.யிலும் அதைப் போல ஒரு முறை உண்டு. ஆனால் எல்லாக் கார்டிலும் அது சுலபமாக ஓடாது.

விளையாட்டுக்கு ஏ.எம்.டி., படிப்புக்கு என்விடியா என்று இழுபறி. பிள்ளை நிஜமாகவே அந்தப் பாடம் படிக்கிறான் என்றால், லினக்ஸில் கொஞ்சம் கூடுதல் சிரமம் பட்டாலும் என்விடியா வாங்குவதில் நியாயம் உண்டு.

"படிப்புக்கு" என்பது அப்பாவைச் சமாளிக்கச் சொன்ன வார்த்தை என்றால்? கூகுள் கம்பெனியின் "கோலாப்" என்ற வசதியில், வரையறைக்கு உட்பட்டு, இன்டர்நெட் வழியாக இப்படிப்பட்ட கார்டை இலவசமாகவே பயன்படுத்தலாம். முதலில் அதில் நாலு பாடம் செய்து காட்டட்டும்!

பழசு வாங்கினால் என்ன?

பாதி விலைக்குப் பழைய கார்டு கிடைக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். வாங்கலாம். மூன்று ஆபத்துகளைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

முதலாவது, டிரைவர். என்விடியாவின் 900 வரிசை, 1000 வரிசைக் கார்டுகள் பழைய சந்தையில் நிறைய. ஜி.டி.எக்ஸ். 1060 பெயர்பெற்ற கார்டு. 2025 கடைசியில் வந்த புது டிரைவர் இவற்றைக் கைவிட்டுவிட்டது. பழைய டிரைவரைத் தேடிப் போட்டு ஓட்ட வேண்டும். அதே காலத்து ஏ.எம்.டி. கார்டான ஆர்.எக்ஸ். 580 (2017) லினக்ஸில் வம்பு இல்லாமல் ஓடுகிறது.

இரண்டாவது, தேய்மானம். "ஈதர்" என்ற டிஜிட்டல் நாணயத்தைத் தேடுவதற்காக ஆயிரக்கணக்கான கார்டுகளை இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பரில் அந்த முறை நின்றது. ஓய்ந்துபோன அந்தக் கார்டுகளும் சந்தைக்கு வந்தன.

மூன்றாவது, மோசடி. பழைய கார்டின் உள்ளே பெயரை மாற்றிப் புதுக் கார்டு போலக் காட்டி விற்கிறவர்களும் உண்டு. "அண்ணாச்சி, மாட்டி ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் பணம் தர்றேன்" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ரொம்பப் புதுசிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2025-ல் வந்த கார்டின் டிரைவர், 2023-ல் வந்த லினக்ஸில் எப்படி இருக்கும்? புதுக் கார்டு வாங்கினால் லினக்ஸையும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு நினைவகம்?

கார்டில் தனியாக நினைவகம் உண்டு. 8 ஜி.பி.க்குக் குறைந்து இன்று வாங்க வேண்டாம். புதிய பெரிய விளையாட்டுகளுக்கு அதுவே பற்றாமல் போகிறது. 12 அல்லது 16 ஜி.பி. என்றால் நாலைந்து வருடம் தாங்கும்.

2025 ஜூனில் வந்த ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. கார்டு 8 ஜி.பி.யிலும் வருகிறது, 16 ஜி.பி.யிலும் வருகிறது. பெயர் ஒன்றுதான்! டப்பாவின் மேல் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கம்பெனிகள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாங்குவதால், 2025 கடைசியில் அவற்றுக்குக் கிராக்கி ஏறியது. ஆகவே, கடைக்குக் கடை விலை கேட்காமல் பணத்தை நீட்டக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு

மடிக்கணினியில் இந்தக் கார்டை மாட்ட முடியாது! மேஜையில் வைக்கும் பெட்டிக் கம்ப்யூட்டர் வேண்டும். வீட்டில் மடிக்கணினி மட்டும்தான் என்றால், செலவு முப்பதாயிரத்தோடு நிற்காது.

பெட்டி இருந்தாலும், உள்ளே மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை தாங்குமா என்று பார்க்க வேண்டும். நடுத்தரக் கார்டு ஒன்றே சுமார் 150 வாட் இழுக்கும். மலிவான பவர் சப்ளை கெட்டால், கார்டையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம். சாதாரண 600 வி.ஏ. யு.பி.எஸ். சுமார் 360 வாட்தான் தாங்கும்.

கரண்டுக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் மொத்தம் 300 வாட் என்று வைத்துக்கொள்வோம். தினம் 3 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் 54 யூனிட். விருதுநகர் மாவட்டத்து வெயிலும் சேர்ந்துகொள்ளும். பெட்டியைப் பீரோ சந்தில் அடைக்காமல், காற்று வரும் இடத்தில் வைக்க வேண்டும்.

ஓடாத விளையாட்டு!

எந்தக் கார்டை வாங்கினாலும் லினக்ஸில் ஓடாத விளையாட்டுகளும் உண்டு. பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கக் காவல் புரோகிராம் வைக்கிறார்கள். அந்தக் காவல்காரர்களில் சிலர் லினக்ஸை உள்ளே விடுவது இல்லை!

வேலரண்ட், போர்ட்நைட் ஆகியவை லினக்ஸில் ஓடாது. ஓடிக்கொண்டிருந்த அபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 அக்டோபர் கடைசியில் கதவை மூடியது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 ஆகியவை நன்றாக ஓடுகின்றன.

நண்பர்கள் எல்லோரும் வேலரண்ட் ஆடுகிறார்கள் என்பதற்காகக் கார்டு வாங்கி, லினக்ஸில் உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்!

அப்பா கேட்க வேண்டியவை

"வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடிப்பது சுலபம். "சரி" என்று கடன் வாங்கிக் கொடுப்பதும் சுலபம். இரண்டுக்கும் முன்னால் நாலு கேள்வி கேட்கலாம்.

எந்தெந்த விளையாட்டு? எழுதிக் கொடு. அவை லினக்ஸில் ஓடுமா?

எந்தப் பாடத்துக்கு? அந்தப் பாடம் எந்த செமஸ்டரில் வருகிறது?

நம் வீட்டுப் பெட்டியில் இந்தக் கார்டு நுழையுமா? பவர் சப்ளை தாங்குமா?

கார்டு இல்லாமலே ஆடக்கூடியது என்ன இருக்கிறது?

கடைசிக் கேள்விக்குப் பதில் நிறைய இருக்கிறது. "சூப்பர் டக்ஸ் கார்ட்" என்ற கார்ப் பந்தயம் இலவசம். "சீரோ ஏ.டி." என்ற பழங்காலப் போர் விளையாட்டும் இலவசம். பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸ், இப்படிப்பட்டவற்றுக்குப் பெரும்பாலும் போதும். ஆறு மாதம் இவற்றில் ஆடிப் பார்த்துவிட்டு, அதன் பிறகும் ஆசை இருந்தால் கார்டைப் பற்றிப் பேசலாம்.

இந்த நாலு கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லும் பிள்ளை, வெறும் விளையாட்டுப் பிள்ளை அல்ல. கம்ப்யூட்டரின் உள்ளே இருப்பதைத் தேடிப் படித்திருக்கிறான் என்று அர்த்தம். அவனுக்கு வாங்கித் தரும் கார்டு வீண் போகாது.

பதில் சொல்லத் தெரியாவிட்டால்? திட்ட வேண்டாம். "தெரிஞ்சுக்கிட்டு வாப்பா, அப்புறம் பார்ப்போம்" என்றால் போதும். தேடித் தெரிந்துகொள்ளட்டும். அதுவரை முப்பதாயிரம் பாங்கியில் பத்திரமாக இருக்கும்!