நர்சு வேலைக்கு நிறமா, திறமா?

கடலூரிலும் சிதம்பரத்திலும் அநேக ஏழைக் குடியானவர்களின் பெண்கள் நர்சிங் படித்து வெளிவருகின்றார்கள். சிதம்பரத்தில் ஒரு நர்சிங் கல்லூரியே இருக்கின்றது. நகையை விற்றும் நிலத்தை அடகு வைத்தும் படிக்க வைக்கப்பட்ட இப்பெண்கள் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு இன்டர்வியூ என்று போனால், பல இடங்களில் முதலில் பார்க்கப்படுவது என்ன? படிப்பா? கைத்திறமையா? இல்லை. முகமும், அம்முகத்தின் நிறமுமேயாகும். “நல்ல தோற்றம் வேண்டும்” என்று விளம்பரம் செய்வதும் இதற்குத்தான். நர்சு வேலைக்கு ஆள் எடுக்கின்றார்களா, அல்லது மணப்பெண் பார்க்கின்றார்களா என்று கேட்கின்றோம்.

நர்சுக்குச் சுத்தம் வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. சுத்தந்தான் அவ்வேலைக்கு உயிர். 1847இல் வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்னும் டாக்டர், குளோரின் கலந்த நீரில் கை கழுவிவிட்டே தாய்மார்களைத் தொட வேண்டுமென்று விதித்தார். பிரசவ ஜுரச் சாவு வெகுவாகக் குறைந்தது. நோயாளியைத் தொடுவோர் செயற்கை நகம் வைத்துக்கொள்ளக் கூடாதென்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் சொல்லியிருக்கின்றது. முழங்கைக்குக் கீழே வளையலும் கடிகாரமும் கூடாதென்று இங்கிலாந்து 2007இல் அறிவித்தது.

ஆகவே, இன்டர்வியூவுக்குப் போகும் சகோதரி ஒட்ட வெட்டிய நகத்தோடும், இறுகக் கட்டிய தலைமயிரோடும், துவைத்துத் தேய்த்த உடையோடும், மோதிரம் வளையல் இல்லாத கையோடும் போகட்டும். மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிற்றையும் அறுத்தெறிந்துவிட்டுப் போகட்டும். அழுக்கும் ஈரமும் ஊறிய அக்கயிறு நோயாளிக்குக் கிருமியைக் கொடுக்குமேயன்றி, இவளுக்கு வேலையைக் கொடுக்காது. ராகுகாலம் பார்த்துப் புறப்பட்டு, குறித்த மணிக்குப் போய்ச் சேராத பெண்ணுக்கு எந்தக் கிரகம் வந்து சிபாரிசு செய்யும்?

இவை யாவும் ஒரு பெண் தன் முயற்சியால் செய்துகொள்ளக் கூடியவை. தோலின் நிறமோ அப்படிப்பட்டதல்ல. நந்தனார் தில்லைக்குள் நுழைவதற்கு நெருப்பில் மூழ்கி, பூணூலோடு வேறு உருவமாக எழ வேண்டியிருந்தது என்று பெரிய புராணம் சொல்லுகின்றது. இன்று அதே ஊர்ப் பெண்ணைப் பார்த்து, “சிவப்பாகி வா” என்று சொல்லாமல் சொல்லுவது வேறென்ன? அக்காலத்தில் நெருப்பு, இக்காலத்தில் கிரீம்!

அக்கிரீமின் யோக்கியதை என்ன? சிவப்பாக்குவதாகச் சொல்லும் சில களிம்புகளில் பாதரசம் கலந்திருக்கின்றது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023இல் கேரளத்து மலப்புறம் ஜில்லாவில் இத்தகைய களிம்பு பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் கண்டதை டாக்டர்கள் எடுத்துக் காட்டினார்கள். நோய் தீர்க்கும் வேலைக்குப் போக ஒரு பெண் நோயை விலைக்கு வாங்க வேண்டுமா?

“நோயாளிகள் அழகான நர்சைத்தான் விரும்புகின்றார்கள்” என்று முதலாளிமார் சமாதானம் சொல்லலாம். நடுநிசியில் மூச்சுத் திணறுகின்றவன், பிராணவாயுக் குழாயைப் பொருத்தும் கை கறுப்பா சிவப்பா என்றா பார்ப்பான்? கறுத்த டாக்டரைக் கைராசிக்காரர் என்று கும்பிடுகின்ற இந்நாட்டில், நர்சு கறுத்திருந்தால் மாத்திரம் குறையென்றால், அது பெண்ணென்ற இளப்பமேயன்றி வேறென்ன?

சர்க்காருக்காக ஆள் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் 7,000க்கு மேற்பட்ட நர்சு வேலைகளுக்கு எழுத்துப் பரீட்சை வைத்தது. விடைத்தாளுக்கு நிறமில்லை. தனியார் ஆஸ்பத்திரிகளும் அவ்வாறே செய்யட்டும். கை கழுவிக் காட்டச் சொல்லட்டும். மருந்தின் அளவைக் கணக்குப் போடச் சொல்லட்டும். நகத்தையும் உடையையும் தாராளமாகப் பார்க்கட்டும். நிறத்தைப் பார்க்கும் கண்ணை மட்டும் மூடிக்கொள்ளட்டும்.

பெற்றோர்களே! பெண்ணுக்குப் பவுடரும் கிரீமும் வாங்கும் காசுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். சகோதரிகளே! நிறத்தைப் பற்றிக் கேட்டால் தலை குனியாதீர்கள். “என் வேலையைப் பற்றிக் கேளுங்கள்” என்று நிமிர்ந்து சொல்லுங்கள்.