சூரிய பகவானின் யோக்கியதை

தென்காசி, குற்றாலம் பக்கத்துக் கோயில்களில் நவக்கிரகத்தைச் சுற்றுகின்ற கூட்டத்தை நாம் பலமுறை பார்த்திருக்கின்றோம். அருவியில் குளித்த ஈரம் காய்வதற்கு முன்னே அங்கு போய் நிற்கின்றார்கள். அந்த ஒன்பதுக்கும் நடுவில் நிற்பவர் சூரிய பகவான். சூரியன் கிரகமே அல்ல, ஒரு நட்சத்திரம். நாம் காலூன்றி நிற்கும் பூமிதான் கிரகம். அதற்கோ அந்த ஒன்பதில் இடமே கிடையாது. ராகு, கேது என்று ஆகாயத்தில் இரண்டு உருண்டைகளும் கிடையா. இவ்வளவு தப்புக் கணக்கோடு நிற்கும் ஒரு கல்மேடைக்கு ஏழை ஜனங்கள் எள் விளக்கும், பரிகாரப் பணமும் கொடுக்கின்றார்களே என்பதுதான் நமது கவலை.

நிற்க, அந்தப் பகவானின் உண்மை யோக்கியதை என்ன என்று பார்ப்போம். சூரியன் மாறாத ஜோதி என்பது புராணம். ஆனால் அவன் முகத்தில் கரும்புள்ளிகள் தோன்றி மறைகின்றன. அவை ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகுவதும் குறைவதுமாக இருப்பதை 1843-ல் ஜெர்மனியில் ஷ்வாபே என்பவர் வெளியிட்டார். மருந்துக்கடை வைத்திருந்த மனிதர் அவர். தவம் ஒன்றும் செய்யவில்லை. தினந்தோறும் பார்த்து எழுதி வைத்தார், அவ்வளவுதான். 1908-ல் அமெரிக்காவில் ஹேல் என்பவர் அந்தப் புள்ளிகளில் பலத்த காந்த சக்தி இருப்பதைக் கண்டார். மறு வருஷம், 1909-ல், நமது கோடைக்கானல் மலையிலிருந்து எவர்ஷெட் என்பவர் புள்ளிகளின் நடுவிலிருந்து வெளிப்புறமாக வாயு ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்றும் உலகம் அதை அவர் பேரிட்டே அழைக்கின்றது.

புள்ளி ஏன் கறுப்பாயிருக்கின்றது? உலைப்பானையில் அடியிலுள்ள சூடான நீர் மேலே பொங்கி வருவதைப் பெண்கள் தினமும் பார்க்கின்றார்கள். சூரியனிலும் உள்ளே இருக்கும் வெப்பம் அப்படித்தான் பொங்கி மேலே வருகின்றது. காந்தம் பலமாயுள்ள இடத்தில் அந்தப் பொங்கல் தடைப்படுகின்றது. எனவே அந்த இடம் குளிர்கின்றது. குளிர்ச்சி என்றால் குற்றாலத்துச் சாரல் என்று எண்ணிவிட வேண்டாம். சுற்றியுள்ள பரப்பு சுமார் 5,500 டிகிரி என்றால் புள்ளி சுமார் 3,700 டிகிரி. பக்கத்திலிருப்பது அதிகமாய்ப் பிரகாசிப்பதால் இது கறுப்பாய்த் தெரிகின்றது.

இப்படியானால் புள்ளிகள் பெருகும் காலத்தில் சூரியன் மங்க வேண்டுமல்லவா? நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் 1978 முதல் விண்கலங்கள் அளந்து வந்ததில், புள்ளிகள் அதிகமான காலத்தில் சூரியன் ஆயிரத்தில் ஒரு பங்கு அதிகமாகவே பிரகாசிப்பதாகத் தெரிந்தது. காரணம், அதே காந்த சக்தி புள்ளிகளைச் சுற்றிலும் வேறு இடங்களிலும் வெண்மையான சிறு திட்டுகளையும் உண்டாக்குகின்றது. கறுப்பு கெடுப்பதைவிட வெண்மை கொடுப்பது சற்று அதிகம். வேறு நட்சத்திரங்களையும் 1966 முதல் மவுண்ட் வில்சன் என்ற இடத்தில் வருஷக்கணக்காகப் பார்த்தார்கள். அவற்றிலும் காந்தச் சுழற்சிகள் இருக்கின்றன. வேகமாய்ச் சுழலும் இளவயது நட்சத்திரங்களில் கறுப்பின் கை ஓங்கி, காந்தம் மிகும்போது அவை மங்குகின்றன. நமது சூரியனைப் போல் நடுவயதை எட்டியவற்றில் வெண்மையின் கை ஓங்குகின்றது. ஆகாயத்தில் சூரியனைப் போன்றவை கோடிக்கணக்கில் உண்டு. அவற்றில் எதற்கு அர்ச்சனை, எதற்கு இல்லை என்று குருக்கள்மார் சொல்லட்டும்.

இனி மழை விஷயம். குற்றாலத்தில் சீசன் தவறினால் கிரகக் கோளாறு என்று சொல்ல ஜோசியர் காத்திருக்கின்றார். 2019-ல் மழை வேண்டி யாகம் செய்யும்படி இந்து அறநிலையத் துறையே கோயில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிற்று. விஞ்ஞானிகளும் ஒரு காலத்தில் சூரியனையும் மழையையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தவர்கள்தான். 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர் மாண்டபோது, புள்ளிகள் குறைந்த வருஷங்களில்தான் மழை பொய்க்கின்றது என்று ஹண்டர் என்ற அதிகாரி 1877-ல் எழுதினார். கோடைக்கானலில் 1899-ல் சூரிய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டதற்கு அந்த எண்ணமும் ஒரு காரணம். பிறகு 1904-ல் வானிலை இலாகாவின் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் பல நாட்டு மழைக் கணக்குகளைப் புள்ளிகளோடு ஒத்துப் பார்த்தார். நம்பிப் பயிரிடக்கூடிய உறவு ஒன்றும் தேறவில்லை. அதற்காக அவர் பரிகாரம் தேடவில்லை. வேறு இடத்தில் தேடி, பசிபிக், இந்து சமுத்திரங்களுக்கிடையே காற்றழுத்தம் ஊஞ்சல் போல் ஆடுவதைக் கண்டார். நமது பருவமழைக்கு அதனோடு சம்பந்தமுண்டு என்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. தவறென்று கண்டால் விட்டுவிடுகின்ற இந்தக் குணம் எந்தப் பஞ்சாங்கத்திற்காவது உண்டா என்று கேட்கின்றோம்.

தென்காசியிலிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் செங்கோட்டை. அந்த ஊரில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் படித்து, திருநெல்வேலியில் பொறியியல் கற்ற நிகார் ஷாஜி என்ற அம்மையார்தான், 2023 செப்டம்பர் 2-ந் தேதி சூரியனை ஆராய அனுப்பப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர். பெண்ணுக்கு அடுப்பூதும் வேலையே போதும் என்ற தேசத்தில், முஸ்லிம் விவசாயக் குடும்பத்துப் பெண் ஒருவர் சூரியனை அளக்கும் வேலையை நடத்தினார். அக்கலம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோ மீட்டர் தூரத்தில், 2024 ஜனவரி 6-ந் தேதி தன் இடத்தை அடைந்தது. அதிலுள்ள ஏழு கருவிகளில் ஒன்று சூரியனின் புற ஊதா ஒளியைப் படமெடுக்கின்றது. காந்தம் ஏறி இறங்கும்போது மொத்த வெளிச்சத்தைவிட அந்த ஒளியே பல மடங்கு மாறுவதால் இது முக்கியமானது.

இதில் நமக்கு வெட்கமான ஒரு சங்கதியும் உண்டு. அந்தக் கலத்தை ஏவுவதற்கு முதல் நாள் விண்வெளி நிறுவனத்தின் தலைவர் சூளூர்ப்பேட்டை செங்காளம்மன் கோயிலுக்குப் போய்ப் பூசை செய்தார். சூரியனுக்கு வழி கண்டது கணக்கா, கற்பூரமா? அவரவர் நம்பிக்கை அவரவர் வீட்டோடு இருக்கட்டும் என்று விடலாம். ஆனால் அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்க்கின்ற செங்கோட்டைப் பள்ளிப் பெண் எதைக் கற்றுக்கொள்வாள்? கிரகணத்தன்று கர்ப்பமான தன் அக்காளைக் கதவடைத்து வைக்கும் பாட்டிக்கு அவள் என்ன பதில் சொல்வாள்?

கரும்புள்ளிகளைத் தோழர்கள் தாமே பார்க்கலாம். சூரியனை நேரே பார்த்தால் கண் போய்விடும். தூரதர்சனக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது அதைவிட ஆபத்து. சிறு தூரதர்சனக் கண்ணாடி ஒன்றைச் சூரியனுக்கு நேரே நிறுத்தி, அதன் பின்பக்கம் ஒரு முழ தூரத்தில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தால் சூரியன் வட்டமாக விழும். புள்ளிகள் இருந்தால் அதில் தெரியும். மறுநாளும் அதே நேரத்தில் பிடித்துப் பார்த்தால் அவை நகர்ந்திருக்கும். சாரல் நாளில் இது ஆகாது. நல்ல வெயில் நாளாகப் பார்த்துச் செய்ய வேண்டும்.