அந்த அழுகையும் நடிப்பா?



சென்ற மாதம் ஒரு மாலை வேளையில் நமக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பத்தின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். தொலைக்காட்சிப் பெட்டியின் முன் மூன்று தலைமுறையும் அமர்ந்திருந்தது. ஒரே வீட்டுக்குள் பலரைத் தங்க வைத்து, அவர்கள் பேசுவதையும் பிணங்குவதையும் இரவு பகலாகப் படம் பிடித்துக் காட்டும் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஓர் இளம்பெண் யாரையோ கடிந்து பேசினாள். "இவளெல்லாம் ஒரு பொண்ணா? பெத்தவங்க வளர்த்த லட்சணம்!" என்று அவ்வீட்டுப் பாட்டி பொரிந்து தள்ளினார். கல்லூரியில் பயிலும் பேரன் சிரித்தான். "போங்க பாட்டி! எல்லாம் செட்டப்பு. முன்னாடியே சொல்லிக் கொடுத்துப் பேச வைக்கிறாங்க. இதுக்குப் போய் ஏன் கோபப்படுறீங்க?" என்றான். பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு நம் பக்கம் திரும்பி, "அப்படின்னா நேத்து அவ அழுதாளே சாமி, அதுவும் செட்டப்பா?" என்று கேட்டார்.

நமக்கு உடனே மறுமொழி தோன்றவில்லை. விடை சொல்லாமலே விடைபெற்று வந்துவிட்டோம். அந்தக் கடனை இம்மாதம் இப்பக்கத்தில் தீர்க்க முயல்கிறோம்.

'ரியாலிட்டி ஷோ' என்று அழைக்கப்படும் இவ்வகை நிகழ்ச்சி இன்று உலகெங்கும் உண்டு. 1999ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டில் 'பிக் பிரதர்' என்ற பெயரில் தொடங்கிய நிகழ்ச்சி நாடு நாடாகப் பரவி, 2006இல் இந்தியிலும் 2017இல் தமிழிலும் 'பிக் பாஸ்' ஆக வந்து சேர்ந்தது. இவற்றுள் எதில் எவ்வளவு மெய், எவ்வளவு ஏற்பாடு என்று தீர்ப்பு வழங்குவது நம் நோக்கமன்று. ஏற்பாடாகவே இருந்தாலும் அதனால் என்ன என்பதே நம் கேள்வி. "எல்லோருக்கும் தெரிந்த பொய் எப்படிப் பொய்யாகும்? சினிமாவும் பொய்தானே? அதைப் பார்த்து நாம் மகிழவில்லையா?" என்று பேரன் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. எனவே நிதானமாகவே ஆராய்வோம்.

கண்ணாடிக் கூண்டில் ஒரு பாடம்

இக்கேள்வி புதிதன்று. 1956ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'ட்வென்டி ஒன்' என்றொரு வினாடி வினாப் போட்டி தொடங்கியது. போட்டியாளர் இருவரும் தனித்தனிக் கண்ணாடிக் கூண்டுகளில் நின்று விடையளிக்க வேண்டும். முதல் நிகழ்ச்சி நேர்மையாகவே நடந்தது. ஆனால் போட்டியாளர்கள் விடை தெரியாமல் தடுமாறினர்; நிகழ்ச்சி சுவையற்றுப் போயிற்று. விளம்பரம் கொடுத்த மருந்து நிறுவனம் சினந்தது. அதன் பிறகு வினாவும் விடையும் முன்கூட்டியே போட்டியாளருக்குக் கொடுக்கப்படலாயின.

ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் என்ற முன்னாள் படைவீரர் முதலில் தொடர்ந்து வென்றார். பொருந்தாத பழைய கோட்டை அணியுமாறும், ஏழை மாணவராகத் தோன்றுமாறும் அவருக்குக் கட்டளை. கூண்டினுள் குளிரூட்டி நிறுத்தப்பட்டது, வியர்வை வழிவதற்காக! அந்த வியர்வையை எப்படி ஒற்றி எடுக்க வேண்டும் என்பதும் அவருக்குக் கற்பிக்கப்பட்டது. சில வாரங்களில் அவருடைய முகம் அலுத்துவிட்டதென்று கருதி, புதிய போட்டியாளரிடம் தோற்கும்படி பணித்தனர். 1955ஆம் ஆண்டின் சிறந்த திரைப்படத்திற்கான ஆஸ்கர் பரிசு பெற்ற படம் எது என்பது வினா. விடை 'மார்ட்டி'. அவர் மிக விரும்பிப் பார்த்த படம் அது. ஆயினும் தெரிந்த விடையை விழுங்கிவிட்டு, தவறான வேறொரு படத்தின் பெயரை நாடறியச் சொல்ல வேண்டியதாயிற்று.

அவரை 'வென்றவர்' சார்லஸ் வான் டோரன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கில ஆசிரியர். புகழ்பெற்ற கவிஞர் ஒருவரின் மைந்தர். அவர் 1,29,000 டாலர் பரிசு பெற்றார். 1957இல் 'டைம்' வார இதழின் அட்டையை அவருடைய முகம் அலங்கரித்தது. ஸ்டெம்பெல் உண்மையை வெளியிட்டபோது, தோற்றவனின் பொறாமை என்றே பலரும் ஒதுக்கினர். பின்னர் வேறொரு போட்டியிலும் இதே மோசடி வெளிப்படவே, விசாரணை வலுத்தது. 1959 நவம்பர் 2ஆம் நாள் வான் டோரன் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் உண்மையை ஒப்புக்கொண்டார். முன்னர் விசாரணையில் பொய் சொல்லியிருந்த குற்றத்தையும் 1962இல் நீதிமன்றத்தில் ஏற்றுக்கொண்டார். ஆசிரியப் பணியும் தொலைக்காட்சிப் பணியும் அவரை விட்டு நீங்கின.

இதில் நம் கவனத்தை ஈர்ப்பது ஒன்றுண்டு. அந்தக் கற்றறிந்த மனிதர் இதற்கு இசைந்தது எப்படி? விடையைச் சொல்லிக் கொடுப்பது வழக்கமான ஒன்றே, இது வெறும் பொழுதுபோக்கே என்று தயாரிப்பாளர் கூறினாராம். ஆசிரியத் தொழிலுக்கே இதனால் பெருமை என்றும் நம்ப வைத்தாராம். "வெறும் பொழுதுபோக்குதானே" என்ற சொல், நம் பேரனுக்கு முன்பே அங்கு பிறந்துவிட்டது! அவர் உண்மை சொன்னதற்காகக் குழுவினர் சிலர் பாராட்டினர். உறுப்பினர் ஒருவர் மட்டும், அறிவுடைய ஒருவர் உண்மை சொல்வதற்குப் பாராட்டு எதற்கு என்று கேட்டார். 1960இல் அமெரிக்கா, அறிவு, திறமை, வாய்ப்பு ஆகியவற்றைக் கொண்டு நடத்தப்படும் ஒளிபரப்புப் போட்டிகளின் முடிவைச் சூழ்ச்சியால் தீர்மானிப்பதைச் சட்டத்தால் தடை செய்தது.

நால்வகை ஏற்பாடு

ஆகவே 'ஏற்பாடு' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடலாகாது. நாம் காணும் அளவில் அது நான்கு வகைப்படும்.

முதலாவது, தெரிந்தெடுத்தல். நாள் முழுதும் படம் பிடித்ததை ஒரு மணி நேரமாகச் சுருக்கியே ஆக வேண்டும். 1971இல் கலிஃபோர்னியாவில் வாழ்ந்த லவுட் குடும்பத்தினரின் அன்றாட வாழ்க்கையைச் சுமார் 300 மணி நேரம் படமெடுத்து, 1973இல் 12 பகுதிகளாக வெளியிட்டனர். இவ்வகை நிகழ்ச்சிகளின் முன்னோடி என்று அதனைக் கூறுவர். சுருக்குவது குற்றமன்று, நாளிதழும் அதைத்தான் செய்கிறது. எனினும் வெளிவந்ததைக் கண்ட அக்குடும்பத்தினர், தங்கள் மகிழ்ச்சியான பொழுதுகளை விட்டுவிட்டுத் துயரங்களையே கோத்துவிட்டனர் என்று வருந்தினர். தெரிந்தெடுப்பதிலும் நீதியுண்டு, அநீதியுண்டு.

இரண்டாவது, திரும்பச் செய்வித்தல். கதவைத் திறந்து உள்ளே வந்தது சரியாகப் பதிவாகவில்லை. இன்னொரு முறை வாருங்கள் என்பது. திருமண வீட்டுப் புகைப்படக்காரர் மாலையை மீண்டும் ஒருமுறை போடச் சொல்வது போன்றது இது. இதனால் எவருக்கும் கேடில்லை.

மூன்றாவது, போட்டியின் முடிவை மாற்றுதல். இது உழைத்துப் போட்டியிடும் எதிராளிக்குச் செய்யும் வஞ்சகம். சட்டமே இதைக் கண்டித்துவிட்டது.

நான்காவது, ஒருவருக்கு அவர் அறியாமலே ஒரு குணத்தைச் சூட்டுதல். ஒரு வாக்கியத்தின் தலையையும் வேறொரு நாளில் பேசிய வாக்கியத்தின் வாலையும் ஒட்டி, அவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் வித்தை உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொழிலில் இதற்கு 'ஃபிராங்கன்பைட்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஒருவர் வேறெதையோ நினைத்துச் சிரித்த சிரிப்பை இன்னொருவரின் கண்ணீருக்கு அருகில் வைத்தால், அவர் கல்நெஞ்சராகிவிடுவார். நம் கருத்தில் இதுவே நால்வகையிலும் கொடியது. இது ஒருவருக்கு எதிராக அவருடைய சொந்த முகத்தையும் குரலையும் கொண்டே சொல்லப்படும் பொய்ச்சாட்சி.

கலைக்க முடியாத வேடம்

சினிமாவும் பொய்தானே என்ற வாதத்திற்கு இங்கே விடை கிடைக்கிறது. நடிகர் எம்.என். நம்பியாரை நினைத்துப் பாருங்கள். திரையில் அவர் கைகளைப் பிசைந்துகொண்டு தோன்றினாலே அரங்கில் வசைமாரி பொழியும். ஆனால் அதே மனிதரைச் சபரிமலைக்கு ஆண்டுதோறும் செல்லும் குருசாமியாக மக்கள் வணங்கி நின்றனர். வசை வில்லனுக்குப் போயிற்று. வணக்கம் நம்பியாருக்கு வந்தது. நடுவே ஒரு கதவு இருந்தது. அக்கதவின் பெயர் 'வேடம்'. ஒப்பனையைக் கலைத்ததும் நடிகர் அதன் வழியே தம் வீட்டிற்குத் திரும்பிவிடலாம்.

மெய்யென்று சொல்லிக் காட்டும் நிகழ்ச்சியில் அந்தக் கதவு இல்லை. அங்கே பாத்திரத்தின் பெயரும் அவருடைய பெயரே, முகமும் அவருடையதே. நிகழ்ச்சி முடிந்தாலும் வேடம் கலைவதில்லை. கடைவீதியிலும் பேருந்திலும் அவருடைய பெற்றோரின் வாசற்படியிலும் அது அவரைத் தொடர்கிறது.

ஜப்பானில் நடந்தது இது. 'டெரஸ் ஹவுஸ்' என்ற நிகழ்ச்சியில் ஆண்களும் பெண்களுமாக ஆறு பேர் ஒரு வீட்டில் வாழ்வதைக் காட்டினர். அழகான வீடும் காரும் மட்டுமே நாங்கள் கொடுத்தவை, எழுதி வைத்த வசனம் ஏதுமில்லை என்று அறிவித்தே நிகழ்ச்சியைத் தொடங்குவது அவர்கள் வழக்கம். ஹனா கிமுரா என்ற மல்யுத்த வீராங்கனை அதில் பங்கேற்றார். அவர் அரிதாகப் போற்றிய மல்யுத்த உடையை உடன் வசித்த இளைஞர் ஒருவர் கவனமின்றிச் சலவை செய்து பாழாக்கிவிட, அவர் சினந்து அவ்விளைஞரின் தொப்பியைத் தட்டிவிட்டார். 2020ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் அக்காட்சி வெளியானது. இணையத்தில் வசைகள் குவிந்தன. மே மாதம் அதே காட்சி தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பானது. மே 23ஆம் நாள், தமது 22ஆம் வயதில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது.

தயாரிப்புக் குழுவினரே அவரைத் தூண்டினர் என்றார் தாயார். கட்டாயப்படுத்தவில்லை என்றது தொலைக்காட்சி நிலையம். 2021 மார்ச்சில் ஜப்பானின் ஒளிபரப்பு நெறி அமைப்பு, இதை மனித உரிமை மீறல் என்று சொல்லாவிட்டாலும், பங்கேற்றவரின் மனநிலையைக் கருதத் தவறியது ஒளிபரப்பு நெறிக்குப் பொருந்தாது என்று முடிவு கூறியது. பிறரை இழிவுபடுத்திப் பேசுவோருக்கான தண்டனையை 2022இல் அந்நாடு ஓராண்டுச் சிறை வரை உயர்த்தியது.

அந்தச் சினம் மெய்யா, தூண்டப்பட்டதா என்பதை ஏசியவர்கள் அறிந்திருக்க வழியில்லை. மெய்யாகவே இருந்தாலும், ஒரு தொப்பியைத் தட்டிவிட்ட குற்றத்திற்கு ஓர் உயிர் விலையாகுமா?

பாட்டிக்கும் பேரனுக்கும்

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருவோம். அந்தப் பெண்ணின் அழுகை மெய்யா, நடிப்பா? நமக்குத் தெரியாது பாட்டி. உங்களுக்கும் தெரியாது; உங்கள் பேரனுக்கும் தெரியாது. தெரியாது என்பதே இதில் நாம் கற்க வேண்டிய பாடம். அவளுடைய கோபத்தை முழுவதும் நம்பினீர்கள். பெற்றோர் வரைக்கும் ஏசினீர்கள். உங்கள் பேரனோ அவளுடைய கண்ணீரைச் சிறிதும் நம்பவில்லை. நம்பியவரிடமும் நம்பாதவரிடமும் அந்தப் பெண்ணுக்கு நீதி கிடைக்கவில்லை.

1959இல் ஏமாற்றப்பட்டதை அறிந்த அமெரிக்க மக்கள் வருந்தினர். இன்று நாம் "எல்லாம் செட்டப்பு" என்று சிரிக்கிறோம். வருத்தம் மறைந்து சிரிப்பு வந்தது அறிவின் வளர்ச்சி என்று நாம் எண்ணவில்லை. திரையில் காணும் கண்ணீரையெல்லாம் பொய்யென்று தள்ளப் பழகியவன், ஒரு நாள் அடுத்த வீட்டுக் கண்ணீரையும் அவ்வாறே தள்ளிவிடக்கூடும். ஆகவே ஏற்பாடு என்பது பொருட்டல்ல என்று நம்மால் சொல்ல இயலவில்லை. அது பொருட்டாகத்தான் இருக்கிறது. பார்க்கும் நாம் சற்று நேரம் ஏமாறுகிறோம். பங்கேற்றவரோ தம் பெயரையே இழக்கிறார்.

குற்றம் முழுவதையும் தயாரிப்பாளர் தலையில் சுமத்திவிட்டு நாம் தப்பிக்கவும் இயலாது. அந்தப் பழைய வினாடி வினாவின் முதல் நாள் நேர்மையாகவே நடந்தது என்பதை மறவாதீர்கள். நேர்மை சுவையாக இல்லை என்பதே அதன் குறை! சண்டை இல்லாத நாளில் அலைவரிசையை மாற்றும் நம் விரலும், மறுநாளைய சண்டையை ஏற்பாடு செய்வதில் பங்கு பெறுகிறது.

பெட்டியை உடைத்தெறியுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பாருங்கள், சிரியுங்கள். ஆனால் திரையில் தோன்றும் ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நா எழும்போது, இவர் யாரோ ஒரு வீட்டின் பிள்ளை, நாம் காண்பது இவருடைய ஒரு நாளில் சில நிமிடங்களே என்று ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள். அவரைப் பற்றிக் கைப்பேசியில் எழுதுமுன், இதை அவருடைய தாய் படித்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அவ்வீட்டிற்கு இம்மாதமும் ஒருநாள் செல்வோம். இந்தப் பக்கத்தைப் பாட்டிக்குப் பேரன் வாசித்துக் காட்டியிருப்பான் என்று நம்புகிறோம்.